கையில் காசில்லாத மாதத்தில் தசமபாகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில், மீன்பிடித் தடைக்காலத்தில், வேலை போன வீட்டில், ஆஸ்பத்திரிச் செலவு வந்த வீட்டில் இந்தக் கேள்வி எழுகிறது: "இந்த மாதம் தசமபாகத்தை என்ன செய்வது?" தசமபாகம் என்றால் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் காணிக்கையாகக் கொடுப்பது. போதகரிடம் நேரில் கேட்கக் கூச்சப்பட்டு மனதுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறவர்கள் அதிகம். சபை நிர்வாகம் பார்க்கும் சேகரக் கமிட்டியில் இருந்தபோதும் வீட்டு ஜெபக்கூட்டங்களிலும் என்னிடம் வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் பதில்கள் எல்லாச் சபைகளின் போதனையோடும் ஒத்துப்போகாது. வசனங்களைச் சொல்லியிருக்கிறேன், வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பணக்கஷ்டத்தில் இருக்கிறோம். தசமபாகம் கொடுத்தே ஆகணுமா?

வேண்டாம். பிள்ளைகளின் சாப்பாடு, வாடகை, மருந்து, கொடுக்கவேண்டிய கடன் ஆகியவற்றைக் குறைத்துத்தான் பத்தில் ஒரு பங்கைத் தேற்ற முடியும் என்றால், அதை தேவன் உங்களிடம் கேட்கவில்லை. உங்களால் முடிந்த சிறு தொகையை மனதாரக் கொடுங்கள். அதுவும் இயலாத வாரத்தில் வெறுங்கையோடு ஆராதனைக்கு வாருங்கள். காணிக்கைப் பை வரும்போது தலைகுனிய வேண்டியதில்லை.

"ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்று பவுல் எழுதினார் (2 கொரிந்தியர் 8:12). எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த நேரத்தில் எழுதிய வார்த்தை இது. பணம் அவசரமாகத் தேவைப்பட்ட நிலையிலும் அவர் இல்லாதவனை நெருக்கவில்லை.

பழைய ஏற்பாட்டில் ஏழைகளும் பத்தில் ஒன்று கொடுத்தார்கள்தானே?

இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். நம் மேடைகளில் அதிகம் பேசப்படாத பகுதி இது.

நியாயப்பிரமாணத்தில், அதாவது மோசே மூலம் வந்த சட்டத்தில், தசமபாகம் என்பது நிலத்தின் விளைச்சலிலும் மரத்தின் கனியிலும் ஆடுமாடுகளிலும் பத்தில் ஒன்று (லேவியராகமம் 27:30-32). நிலம் உள்ளவனிடமும் மந்தை உள்ளவனிடமும் கேட்கப்பட்டது அது. நிலமில்லாத கூலிக்காரன் தன் அன்றாடக் கூலியில் பத்தில் ஒன்றை எடுத்து வைக்கவேண்டும் என்று மோசேயின் ஐந்து ஆகமங்களில் ஓர் இடத்திலும் இல்லை. அந்தக் கூலியைப் பற்றி அங்கே இருக்கும் கட்டளை வேறு: பொழுதுபோகுமுன்னே அவன் கையில் கொடுத்துவிடு, அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான் (உபாகமம் 24:14-15).

அந்தப் பத்தில் ஒன்று யாருக்குப் போனது? கர்த்தருடைய ஊழியத்துக்கென்று பிரிக்கப்பட்டு, சொந்த நிலம் பெறாத லேவி கோத்திரத்தாருக்கு (எண்ணாகமம் 18:21). உபாகமம் 14-ஆம் அதிகாரமோ, கொடுக்கிறவனும் அவன் வீட்டாரும் அதைக் கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்படச் சொல்கிறது. இடம் தூரமானால் விற்றுப் பணமாக்கிக்கொண்டு போய், அங்கே மாடோ ஆடோ இஷ்டமானதை வாங்கி விருந்து வைக்கலாம். மூன்றாம் வருஷத்தில் அதை ஊர்வாசலில் வைத்துவிட வேண்டும். லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிடுவார்கள் (உபாகமம் 14:28-29).

இந்தக் கட்டளையில் ஏழை எந்தப் பக்கம் நிற்கிறான் என்று பாருங்கள். வாங்கிச் சாப்பிடுகிற பக்கத்தில் நிற்கிறான். வேலை போய், அரிசிக்கே யோசிக்கிற ஒரு குடும்பத்திடம் "தசமபாகம் எங்கே?" என்று கேட்கிறவர் இந்தக் கட்டளையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். இந்த மாதம் அந்தக் குடும்பம் தசமபாகம் கொடுக்கவேண்டிய இடத்தில் இல்லை, பெறவேண்டிய இடத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் முழுவதிலும் நான் சொல்ல வருவது இதைத்தான்.

பலிகளிலும் இதே மனதுதான். ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவன் இரண்டு காட்டுப்புறாவையோ புறாக்குஞ்சையோ கொண்டுவரலாம். அதுவும் முடியாதவன் கொஞ்சம் மாவு கொண்டுவரலாம் (லேவியராகமம் 5:7, 11). பிள்ளை பெற்றவள் செலுத்தும் பலியிலும் ஆட்டுக்குட்டிக்குப் பதில் பறவைகள் என்ற சலுகை ஏழைக்கு உண்டு (12:8). இயேசு பிறந்தபின் மரியாளும் யோசேப்பும் எருசலேமுக்குப் போனபோது பறவைகளைக் குறித்த வாக்கியத்தைத்தான் லூக்கா சொல்கிறார் (லூக்கா 2:24). நம் ஆண்டவர் வளர்ந்த வீடு ஏழைகளுக்கான சலுகையில் காணிக்கை செலுத்திய வீடு.

மல்கியா 3-ஆம் அதிகாரம் "தேவனை வஞ்சிக்கிறீர்கள்" என்கிறதே? அதைக் கேட்டாலே பயமாக இருக்கிறது.

இந்தப் பயத்தோடுதான் அதிகம் பேர் வருகிறார்கள். வட்டிக்கு வாங்கிக் காணிக்கை கவரை நிரப்பியவர்களை நான் அறிவேன். ஆகவே பொறுமையாக வாசிப்போம்.

மல்கியாவின் காலம், சிறையிருப்பிலிருந்து திரும்பி ஆலயத்தை மறுபடி கட்டியதற்குப் பிந்தியது. கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டு. "தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள்" என்கிறது அந்த அதிகாரத்தின் பத்தாம் வசனம். "பண்டசாலை" என்பது ஆலயத்தோடு சேர்ந்த தானியக் கிடங்கு. "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி" என்று கர்த்தர் சொல்வது உண்மையான ஆகாரத்தை. ஏறக்குறைய அதே காலத்தில் நடந்ததை நெகேமியா 13-ஆம் அதிகாரம் சொல்கிறது. லேவியருக்குச் சேரவேண்டிய பங்கு கிடைக்காததால் அவர்கள் ஊழியத்தை விட்டுவிட்டுத் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனார்கள். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. காணிக்கையும் தானிய தசமபாகமும் வைத்திருந்த பெரிய அறையை எலியாசிப் என்ற ஆசாரியன் தன் சம்பந்தக்காரன் தொபியாவுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தான். நெகேமியா வந்து தொபியாவின் தட்டுமுட்டுகளை வெளியே எறிந்து, உண்மையுள்ளவர்கள் என்று பெயரெடுத்தவர்களைக் கிடங்குக்கு விசாரிப்பாளர்களாக வைத்தார். கொடுக்காத ஜனத்தோடு, கொடுத்ததை ஒழுங்காக வைக்காத ஆசாரியனும் அங்கே குற்றவாளி. மல்கியாவும் முதல் இரண்டு அதிகாரங்களில் ஆசாரியரைத்தான் கடிந்துகொள்கிறார்.

பத்தாம் வசனத்தைப் பிரசங்கிக்கிறவர்கள் அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தையும் வாசிக்க வேண்டும். கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும், விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாகத் தீவிரமான சாட்சியாக வருவேன் என்கிறார் கர்த்தர். கொடுக்க இருந்தும் பதுக்கினவர்களிடம் பேசிய வார்த்தையை, பதுக்க ஒன்றும் இல்லாத விதவைமேல் எறிவது அநியாயம்.

"வானத்தின் பலகணிகளைத் திறப்பேன்" என்ற வாக்குத்தத்தம் நியாயப்பிரமாண உடன்படிக்கையின்கீழ் இஸ்ரவேல் தேசத்துக்குச் சொன்னது: மழை, திராட்சைக்கொடி, நிலத்தின் கனி. தேவன் கொடுக்கிறவர்களை மறக்கமாட்டார் என்ற நம்பிக்கையை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பத்து ரூபாய் போட்டால் நூறு வரும் என்ற கணக்கை அதிலிருந்து எடுக்க முடியாது.

இயேசு தசமபாகத்தை விடச் சொல்லவில்லையே?

மத்தேயு 23:23-ஐச் சொல்கிறீர்கள். ஒற்தலாமிலும் (புதினா வகைக் கீரை) வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்துகிறீர்கள், நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள். இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டும் என்றார். நியாயப்பிரமாணத்தின்கீழ் வாழ்ந்த பரிசேயரோடு பேசும்போது சொன்னது அது. புறஜாதி விசுவாசிகள்மேல் எந்தெந்தப் பாரத்தைச் சுமத்தலாம் என்று அப்போஸ்தலர் கூடி எருசலேமில் முடிவெடுத்த கடிதத்தில் (அப்போஸ்தலர் 15:28-29) தசமபாகம் இல்லை. பவுலின் நிருபங்களில் கொடுப்பதைப் பற்றி எவ்வளவோ இருக்கிறது. பத்து சதவீதம் என்ற எண் ஓரிடத்திலும் இல்லை. ஆபிரகாம் மெல்கிசேதேக்கு என்ற ஆசாரிய ராஜாவுக்குத் தசமபாகம் கொடுத்தது போரில் கிடைத்த கொள்ளையிலிருந்து. அதை எபிரெயர் 7 எடுத்துப் பேசுவது கிறிஸ்துவின் ஆசாரியத்துவத்தை விளக்குவதற்காக.

நியாயப்பிரமாணத்துக்கு முன்பே இருந்ததால் தசமபாகம் இன்றும் கட்டளைதான் என்று உண்மையான மனதோடு நம்புகிற சகோதரர் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன். அவர்களும்கூட, அதே மத்தேயு வசனம் இரக்கத்தை விசேஷித்தது என்று வைத்திருப்பதை மறுக்கமாட்டார்கள்.

ஏழை விதவை தன் ஜீவனம் முழுவதையும் போட்டாளே? அவளே போட்டபோது நான் போடாமல் இருக்கலாமா?

ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசு. அவள் அன்பை இயேசு பார்த்தார், சீஷர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளிடம் யாரும் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அதற்குச் சற்று முன்னால்தான், விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்காக நீண்ட ஜெபம்பண்ணுகிற வேதபாரகரைக்குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்றார் (மாற்கு 12:38-40). இரண்டையும் சேர்த்து வாசித்தால் எனக்கு மனம் பதறுகிறது. அவள் கொடுத்ததை அவர் புகழ்ந்தார். அவளிடமிருந்து பிடுங்குகிறவர்களுக்கு அதிக ஆக்கினை என்றும் சொன்னார். உங்களுக்குள் அப்படி ஓர் அன்பு எழுந்து, எல்லாவற்றையும் கொடுக்கத் தோன்றினால், அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது. மேடையிலிருந்து ஒருவர் அந்த விதவையைக் காட்டி உங்களிடம் கேட்டால், அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று யோசியுங்கள்.

பஞ்சகாலத்தில் தன்னிடம் மிஞ்சிய மாவில் எலியா தீர்க்கதரிசிக்கு அடை சுட்டுக் கொடுத்த சாறிபாத் விதவையையும் இதேபோல் இழுப்பார்கள். எலியா முதல் அடையை அவளிடம் கேட்டது, பானையில் மா குறையாது என்று கர்த்தர் அவளுக்கென்று சொல்லியனுப்பிய வார்த்தையோடு. அவர் வாங்கிக்கொண்டு போய்விடவில்லை. அந்த வீட்டிலேயே தங்கி அவளோடும் அவள் பிள்ளையோடும் சாப்பிட்டார். எலிசாவிடம் வந்த இன்னொரு விதவையின் கதையை இந்த இடத்தில் யாரும் சொல்வதில்லை. கடன்கொடுத்தவன் அவள் பிள்ளைகள் இரண்டுபேரையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்துவிட்டான். எண்ணெய் பெருகியது. தீர்க்கதரிசி என்ன சொன்னார்? எண்ணெயை விற்று உன் கடனைத் தீர்த்து, மீந்ததைக் கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள் (2 இராஜாக்கள் 4:7). அற்புதமாக வந்த பணத்திலும் அவர் பத்தில் ஒன்று கேட்கவில்லை.

குழுக் கடன், நகைக்கடன், தனியார் வட்டி எல்லாம் இருக்கிறது. கடனா, காணிக்கையா, எது முதலில்?

கடன். அது இன்னொருவருடைய பணம். "துன்மார்க்கன் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறான்" என்கிறது சங்கீதம் 37:21. மகளிர் குழுவில் நீங்கள் தவணை தவறினால் கூட இருக்கும் பெண்கள் உங்களுக்காகக் கட்டவேண்டி வருகிறது; அவர்களும் உங்களைப்போலக் கஷ்டப்படுகிறவர்கள்தான். அவர்களை அந்த நிலைக்குத் தள்ளிவிட்டுச் சபையில் கவர் போடுவதில் சாட்சி இல்லை.

கடன் வாங்கித் தசமபாகம் கொடுப்பது கூடவே கூடாது. அலைபேசிக் கடன் செயலியில் எடுத்தும், தாலிக்கொடியை அடகு வைத்தும் "ஆண்டவர் பங்கு" என்று கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடனாக வந்தது வருமானம் அல்ல. நமக்கு ஆண்டவர் தராததிலிருந்து அவர் பங்கு கேட்கமாட்டார்.

வீட்டுக் கடன்போல இருபது வருஷம் ஓடும் கடன் வேறு கதை. தவணை போக வாழ்க்கை வசதியாக நடக்கிறது என்றால், "எனக்குக் கடன் இருக்கிறது" என்பதைச் சாக்காக வைக்காதீர்கள்.

அம்மாவுக்கு மருந்துச் செலவு இருக்கிறது. அதைத் தசமபாகத்திலிருந்து செய்யலாமா?

தாராளமாகச் செய்யுங்கள். தகப்பனுக்கும் தாய்க்கும் செய்யவேண்டியதைக் "கொர்பான்" என்று காணிக்கையாக்கிவிட்டு அவர்களைக் கைவிட்டவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார் (மாற்கு 7:9-13). தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார் (1 தீமோத்தேயு 5:8). தாயின் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கொண்டுவந்த காணிக்கையை எந்தப் போதகரும் தெரிந்தே வாங்கக்கூடாது.

ஜெபக்கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டு ஒரு தொகைக்குப் பொருத்தனை (நேர்ச்சை) பண்ணிவிட்டேன். இப்போது வேலை இல்லை. செலுத்தாவிட்டால் சாபம் வருமா?

பொருத்தனையை லேசாக எடுக்கக்கூடாது என்று பிரசங்கி 5:4-5 சொல்வது உண்மை. ஆனால் லேவியராகமம் 27-ஐத் திறந்து பாருங்கள். தசமபாகத்தைப் பற்றிய வசனங்கள் உள்ள அதே அதிகாரம். பொருத்தனை பண்ணினவன் குறித்த மதிப்பைச் செலுத்த முடியாத தரித்திரனானால் ஆசாரியன் முன் வந்து நிற்கட்டும், அவனுடைய திராணிக்கேற்றபடி ஆசாரியன் மதிக்கட்டும் என்கிறது எட்டாம் வசனம். பொருத்தனையைக் கட்டளையிட்ட தேவன், முடியாமல் போனவனுக்கு வழியையும் கூடவே எழுதிவைத்தார்.

உங்கள் போதகரிடம் போய் நிலைமையைச் சொல்லுங்கள். குறைக்கவோ, தள்ளிவைக்கவோ, விட்டுவிடவோ அவர் உங்களோடு ஜெபித்து முடிவுசெய்யலாம். அவர் சாபத்தைச் சொல்லிப் பயமுறுத்தினால், கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டுக்கொண்டார் என்ற கலாத்தியர் 3:13-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் இன்னும் இரட்சிக்கப்படவில்லை. அவருக்குத் தெரியாமல் வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து கொடுக்கிறேன். சரியா, அக்கா ஒருத்தர் கேட்கச் சொன்னார்.

சரியில்லை. அந்த அக்காவின் பக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அரிசிக்கும் பாலுக்கும் என்று வீட்டுக்காரர் நம்பிக் கொடுத்த பணம் அது. ஒருநாள் தெரியவரும்போது அவர் கோபம் பணத்தோடு நிற்காது. ஆண்டவர்மேலும் சபைமேலும் திரும்பும். அக்கா சொந்தமாகச் சம்பாதித்தால், தையலோ பீடியோ பூக்கட்டோ எதுவானாலும், அதில் ஒரு பகுதியை வெளிப்படையாகக் கொடுக்கலாம். வருமானமே இல்லையென்றால் ஆலயத்தைக் கூட்டுவதும், வியாதியஸ்தரைப் போய்ப் பார்ப்பதும், சபை விருந்தான அசனத்துக்குக் காய் நறுக்குவதும் காணிக்கைதான்.

பிடித்தம் போகுமுன் உள்ள மொத்தச் சம்பளத்திலா, கைக்கு வருவதிலா?

கட்டளையாக ஒன்றும் இல்லாதபோது இந்தக் கணக்கில் பயப்பட ஒன்றுமில்லை. கைக்கு வருவதில் பாருங்கள். வியாபாரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒருநாள் 5,000 ரூபாய்க்குக் காய்கறி விற்று, கொள்முதலும் வண்டி வாடகையும் போக 600 நின்றால், உங்கள் வருமானம் 600. விற்பனையில் பத்தில் ஒன்று எடுத்தால் 500 ரூபாய், லாபத்தில் பெரும்பகுதி போய்விட்டது என்று பாருங்கள். நீங்களே கட்டிய சீட்டுப் பணம் திரும்ப வருவதும் புதிய வருமானம் அல்ல.

ஒழுங்காகக் கொடுக்காததால்தான் எங்களுக்கு இந்தக் கஷ்டம் என்கிறார்கள்.

அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷர்களை இயேசு திருத்தினார் (யோவான் 9:3). பவுல் பசியும் தாகமும் குளிரும் நிர்வாணமும் அனுபவித்தார் (2 கொரிந்தியர் 11:27). அவர் தசமபாகப் பாக்கி வைத்தவரா? மக்கெதோனியா சபையார் கொடிய தரித்திரத்தில் இருந்துகொண்டே உதாரத்துவமாய்க் கொடுத்தார்கள் (8:2). அதற்குப்பின் அவர்கள் செல்வந்தரானார்கள் என்று பவுல் எழுதவில்லை. ஆலை மூடியது, மழை பொய்த்தது, சம்பளம் மூன்று மாதமாக வரவில்லை, பிள்ளைக்கு டெங்கு வந்தது: உங்கள் கஷ்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது.

"விசுவாச விதை போடுங்கள், கடன் தீரும்" என்று தொலைக்காட்சியில் வங்கிக் கணக்கு எண் ஓடவிடுகிறவர்களுக்கு இந்த நேரத்தில் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். இதை நான் தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

ஆதித் திருச்சபை எப்படிக் கொடுத்தது?

மனதாரவும் ஏழைகளுக்காகவும் கொடுத்தது. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் வாழ்ந்த தெர்த்துல்லியன் ஏறக்குறைய 197-இல் தங்கள் வழக்கத்தை விவரிக்கிறார்: ஒவ்வொருவரும் மாதத்தில் ஒருநாள், மனதும் சக்தியும் இருந்தால் மட்டும், சிறிது போடுகிறார், கட்டாயம் இல்லை. அந்தப் பணம் ஏழைகளுக்குச் சாப்பாடு போடவும் அவர்களை அடக்கம்பண்ணவும், பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கும், முதியவர்களுக்கும், கப்பல் உடைந்து தவிப்பவர்களுக்கும் போனது. கட்டாயத் தசமபாகம் பின்னால் வந்தது. பிரான்சில் மக்கோன் நகரில் 585-இல் கூடிய சங்கம் கொடாதவரைச் சபைக்குப் புறம்பாக்கச் சொன்னது. 779-இல் சார்லமேன் அதை அரசுச் சட்டமாக்கினார். அதன்பின் ஐரோப்பாவில் அது ஒரு வரி. பிரெஞ்சுப் புரட்சியில் 1789-இல் ஒழிந்தது. அயர்லாந்தில் 1830-களில் கத்தோலிக்க விவசாயிகள் தங்களுடையதல்லாத ஆங்கிலிக்கன் சபைக்குத் தசமபாகம் கட்ட மறுத்து இரத்தம் சிந்தினார்கள். இங்கிலாந்தில் நிலத்தின் மேலிருந்த தசமபாகக் கட்டணத்தை நீக்கும் சட்டம் 1936-இல்தான் வந்தது.

கத்தோலிக்கருக்கு?

பத்தில் ஒன்று என்ற சட்டம் இல்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 222-ஆம் பிரிவில், திருச்சபையின் தேவைகளுக்கு உதவும் கடமையையும், தம் வருவாயிலிருந்து ஏழைகளுக்கு உதவும் கடமையையும் சொல்கிறது. தொகை அவரவர் சக்திக்கு ஏற்ப.

சந்தா பாக்கி இருந்தால் கல்யாண ஓலை (ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்கமாட்டோம், கல்லறைக்கு இடம் தரமாட்டோம் என்கிறார்களே?

சபைச் சந்தாவும் தசமபாகமும் வேறு வேறு. சங்கத்துக்கு நிர்வாகச் செலவு இருக்கிறது. வாக்காளர் பட்டியலுக்குச் சந்தாவை நிபந்தனையாக வைப்பது பல இடங்களில் விதி. அதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு நிற்கிறவரிடம் பாக்கிக் கணக்கைக் காட்டுவது கிறிஸ்தவச் செயல் அல்ல. இறந்தவர்களின் அடக்கச் செலவைத் தானே ஏற்ற சபையின் வாரிசுகள் நாம். உங்களுக்கு நிஜமாகவே வழியில்லை என்றால் கமிட்டிக்கு எழுத்தில் கொடுங்கள். கமிட்டியில் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்காதீர்கள்.

எல்லோரும் இப்படிக் குறைத்துக்கொண்டால் போதகர் எப்படிச் சாப்பிடுவார்?

நியாயமான கேள்வி. பேராயத்திலிருந்து சம்பளம் வாங்கும் போதகருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. நாற்பது குடும்பம் கூடும் தனிச்சபையின் பாஸ்டருக்கு அது கிடையாது. விசுவாசிகள் கொடுப்பதுதான் அவர் வீட்டு அடுப்பு. சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தினால் பிழைப்பு என்பது ஆண்டவர் கட்டளை (1 கொரிந்தியர் 9:14).

இதற்கு விடை வசதி உள்ளவர்களிடம் இருக்கிறது. மாதம் 12,000 ரூபாய் வாங்குகிறவர் 1,200 கொடுத்தால் மீதி 10,800. அதில் வாடகை, பால், பஸ் எல்லாம் பார்க்க வேண்டும். 1,20,000 வாங்குகிறவர் 12,000 கொடுத்தபின்னும் கையில் 1,08,000 நிற்கிறது. இருவரும் பத்து சதவீதம்தான், பாரம் ஒன்றல்ல. பத்தோடு நிறுத்திக்கொண்டு கடமை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கும் வசதியுள்ள விசுவாசியைத்தான் பிரசங்கத்தில் தட்டி எழுப்ப வேண்டும். உங்கள் செல்வம் அவர்கள் வறுமைக்கு உதவட்டும், இப்படிச் சமநிலை உண்டாகட்டும் என்பதே பவுல் சொன்ன ஏற்பாடு (2 கொரிந்தியர் 8:14).

கணக்கும் வெளிப்படையாக இருக்கவேண்டும். காணிக்கைப் பணத்தைத் தனியே சுமக்காமல், ஒருவரும் குற்றப்படுத்தாதபடி மற்ற சகோதரரையும் பவுல் சேர்த்து அனுப்பினார் (8:20-21). வருஷக் கணக்கை வாசிக்கிற சபையில், சிரமத்திலிருக்கிறவர்களும் தங்களால் ஆனதை நம்பிக்கையோடு கொடுப்பார்கள்.

சரி, எவ்வளவுதான் கொடுப்பது?

முதலில் ஒரு தாளில் வரவையும் தவிர்க்க முடியாத செலவையும் எழுதுங்கள். வெளியே சாப்பிடுவது, புது அலைபேசிக்குத் தவணை, சொந்தக்காரர் மெச்சச் செய்யும் பிறந்தநாள் இவற்றைத் தவிர்க்க முடியாத செலவில் சேர்க்காதீர்கள். கஷ்டம் என்று நாம் சொல்வதில் பாதி சில வீடுகளில் இதுதான். இந்த இடத்தில் ஆண்டவருக்கு முன் உண்மையாக இருக்க வேண்டும். நிஜமான தேவை போக என்ன நிற்கிறதோ அதிலிருந்து மனதில் ஒரு தொகையை நியமியுங்கள். இருநூறோ ஐம்பதோ இருக்கட்டும். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" (2 கொரிந்தியர் 9:7).

நம் தாய்மார் இதை எப்போதோ செய்து காட்டிவிட்டார்கள். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, சேர்ந்ததை ஆலயத்துக்குக் கொண்டுபோகும் பிடியரிசிக் காணிக்கையில் பனையேறிக் குடும்பங்களும் கூலிக் குடும்பங்களும் பங்கெடுத்தார்கள். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில் அந்த வழக்கம் இன்றும் பெரிய அளவில் நடக்கிறது. 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கி, தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு நம் மிஷனரிகளை அனுப்பிய இந்திய மிஷனரி சங்கம் வெளிநாட்டுப் பணம் வாங்குவதில்லை என்ற உறுதியோடு நின்றது. சிறிய கைகள் போட்டதில் நடந்த வேலை அது.

விசைப்படகில் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் 61 நாள் தடை. உப்பளத்தில் மழைக்காலத்தில் வேலை இல்லை. இப்படிப் பருவத்துக்குப் பருவம் மாறும் வருமானத்தில் மாதாமாதம் ஒரே தொகை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். நன்றாக மீன்பாடு வந்த மாதத்தில் அதிகம் கொடுங்கள், சும்மா இருக்கும் மாதத்தில் விட்டுவிடுங்கள். "தன்தன் வரவுக்குத் தக்கதாக" என்பதுதான் வசனம் (1 கொரிந்தியர் 16:2).

சபையிடம் உதவி கேட்கலாமா? மானம் போகாதா?

கேளுங்கள். இத்தனை வருஷம் நீங்கள் கொடுத்ததில் ஒரு பங்கு இப்படிப்பட்ட நேரத்தில் இருக்கிறவர்களுக்காகத்தான். எருசலேம் சபையில் ஒருவனுக்கும் குறைவு இருக்கவில்லை (அப்போஸ்தலர் 4:34). விதவைகளுக்கு அன்றாடப் பந்தியில் குறை வந்தது என்ற முறுமுறுப்பு எழுந்தவுடன் அப்போஸ்தலர் ஏழுபேரை நியமித்தார்கள். முறுமுறுத்தவர்களைத் திட்டவில்லை. போதகரிடமோ நம்பிக்கையான மூப்பரிடமோ தனியாகச் சொல்லுங்கள். பள்ளிக் கட்டணத்துக்கா, மருந்துக்கா, எவ்வளவு என்று தெளிவாகச் சொன்னால் அவர்களுக்கும் செய்வது எளிது.

கஷ்டம் தீர்ந்தபின், விட்டுப்போன மாதங்களின் தசமபாகத்தை ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கட்டவேண்டும் என்கிறார்களே?

லேவியராகமம் 27:31-ஐ வைத்து அப்படிச் சொல்கிறார்கள். அந்த வசனம் தாமதத்துக்கு அபராதம் அல்ல. தன் தசமபாகத் தானியத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டு அதற்குப் பணம் கொடுத்து மீட்க விரும்புகிறவன், மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அங்கே உள்ளது. விளையாத வயலுக்கு இஸ்ரவேலில் யாரும் தசமபாகம் கட்டவில்லை. வருமானம் வராத மாதங்களுக்கு உங்களுக்கும் பாக்கி கிடையாது. வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்தில் கடனையும் வீட்டையும் பாருங்கள், அந்த மாதத்து வரவிலிருந்து உங்களால் ஆனதைக் கொடுத்துத் தொடங்குங்கள். சபையில் உங்களைப்போல இந்த மாதம் வேலை இழந்த இன்னொரு வீடு இருந்தால், முதல் கவரை அங்கே கொடுத்தாலும் சரிதான்.